கடல்நீர் மீன் தொட்டிக்கு வடிகட்டி: எதற்குக் காசு போடலாம், எதற்கு வேண்டாம்



நன்னீர் மீன் தொட்டி வைத்திருக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே நிறைய பேர் உண்டு. வீட்டில் ஒன்று, அறிவியல் கழக அறையில் ஒன்று என்று கப்பியும் தங்கமீனும் வளர்த்துப் பழகியவர்கள், ஒரு நாள் கடல் மீன் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். பினாங்கில் இருப்பவர்களுக்கு இந்த ஆசை கொஞ்சம் அதிகம். நாலு பக்கமும் கடல், பிள்ளைகள் வேறு "டீச்சர், நீமோ வாங்கலாமே" என்று நச்சரிப்பார்கள். சரி என்று கடைக்குப் போனால், தவுக்கே முதலில் காட்டுவது மீனை அல்ல, வடிகட்டியை. பெரிய கேனிஸ்டர், ஸ்கிம்மர், புற ஊதா விளக்கு, குளிரூட்டி என்று அடுக்கிக்கொண்டே போனால் கணக்கு ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிடும். அதோடு பாதிப் பேர் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். மீதிப் பேர் கடன் அட்டையைத் தேய்த்துவிட்டு, இரண்டாம் வாரம் மீன் செத்து மிதப்பதைப் பார்த்து, "கடல் மீன் நமக்கு ராசி இல்லை" என்று விட்டுவிடுவார்கள்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வடிகட்டி என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால், எதை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம் என்று நாமே முடிவு பண்ணலாம்.

வடிகட்டி வடிகட்டுவது அழுக்கை மட்டும் அல்ல

தமிழில் 'வடிகட்டி' என்று சொல்லும்போதே நமக்குத் தேத்தண்ணி வடிகட்டும் சல்லடைதான் ஞாபகம் வருகிறது. தூசியைப் பிடித்துக்கொண்டு தெளிந்த நீரை விடுவது. மீன் தொட்டியில் இது வடிகட்டியின் சின்ன வேலை. பெரிய வேலை கண்ணுக்குத் தெரியாதது.

மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியிடுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அமோனியாதான். இது நஞ்சு. கடலில் எவ்வளவோ தண்ணீர் இருப்பதால் கரைந்து போய்விடும். கண்ணாடித் தொட்டிக்குள் அது போக இடமில்லை. நல்ல வேளையாக ஒரு வகை பாக்டீரியா அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும். இந்தப் பாக்டீரியாக்களுக்கு இரண்டே தேவைகள்: ஒட்டிக்கொள்ள இடம், மூச்சுவிட ஆக்சிஜன். வடிகட்டி என்று நாம் காசு கொடுத்து வாங்குவது, உண்மையில் இந்தப் பாக்டீரியாக்களுக்கு ஒரு வீடு.

நன்னீரில் தப்பித்த பழக்கங்கள் கடல்நீரில் ஏன் தப்பிக்கவில்லை? அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று கடும் நஞ்சு, இன்னொன்று அவ்வளவு தீங்கு செய்யாதது. நீரின் பி.எச். ஏற ஏற நஞ்சு வடிவத்தின் பங்கு ஏறும். பி.எச். 7இல் இருக்கும் நன்னீரோடு ஒப்பிட்டால், 8.2இல் இருக்கும் கடல்நீரில் நஞ்சு வடிவம் பத்து மடங்குக்கும் மேல். சோதனைக் குழாயில் ஒரே நிறம் காட்டினாலும் ஆபத்து ஒன்றல்ல. அடுத்து, உப்பு நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும் என்றால், கடல்நீர் 6.2தான் பிடிக்கும். நம் ஊர் வெயிலில் இந்த வித்தியாசம் சும்மா இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கடல்நீர் நமக்குச் சாதகம்: நைட்ரைட் நன்னீரில் கொல்லும் அளவுக்கு இங்கே கொல்லாது, நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு அதைத் தடுத்துவிடும்.

ஜகார்த்தாவில் கிடைத்த மலிவான வழி

விலை உயர்ந்த கருவி எல்லாம் மேற்கிலிருந்து வந்தது என்றாலும், மிக மலிவான முறை நம் பக்கத்து நாட்டிலிருந்து வந்ததுதான். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், 1961இல் 'டிராப்பிக்கல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்' என்ற அமெரிக்க இதழில் தன் முறையை எழுதினார். அவர் தொட்டியில் வடிகட்டியே கிடையாது. கடல்நீர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகள், மெதுவாகக் குமிழி விடும் ஒரு காற்றுக்குழாய், வெளிச்சம். அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பவளத்தை வெளுத்துக் காயவைத்து அலங்காரமாகத் தொட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். உயிருள்ள பாறையையே வடிகட்டியாகப் பயன்படுத்தலாம் என்பதைப் பலர் நம்பவில்லை. பிறகு ஜெர்மனியில் இதே கருத்தோடு நல்ல ஸ்கிம்மரைச் சேர்த்து 'பெர்லின் முறை' என்று வளர்த்தெடுத்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுவதும் பவளத் தொட்டிகளுக்கு அடிப்படை அதுதான்.

பாறை எப்படி வடிகட்டும்? அது முழுக்க நுண்துளை. வெளிப்புறத்தில் ஆக்சிஜன் உள்ள இடத்தில் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா. உள்ளே ஆக்சிஜன் போகாத துளைகளில் வேறொரு கூட்டம், நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியே அனுப்பிவிடும். இந்தக் கடைசி வேலையை எந்தச் சாதாரணக் கேனிஸ்டரும் செய்வதில்லை.

உடனே பைக்குள் சுத்தியலைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போய்விடாதீர்கள். புலாவ் பாயார் போன்ற கடல் பூங்காக்களில் பவளம் எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். கல் பவளங்கள் எல்லாமே அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கின்றன. மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் பாடம் நடத்தும் நாம் அதைச் செய்யவும் கூடாது. காய்ந்த நுண்துளைப் பாறை, அல்லது தொட்டிக்கென்றே செய்யப்பட்ட செயற்கைப் பாறை வாங்கிக்கொள்ளலாம். விலையும் குறைவு, கூடவே வேண்டாத புழுவும் நண்டும் வராது. பாக்டீரியா குடியேறச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் குறை. தொட்டியை மூடுகிறவர்கள் பழைய பாறையை ஈரத்தோடு விற்பார்கள். கிடைத்தால் விடாதீர்கள், அதற்கு இணையில்லை.

கடையில் காட்டும் சாதனங்கள்

ஸ்பாஞ்ச் வடிகட்டி: காற்றுப் பம்பில் ஓடும் பஞ்சு உருளை. இருபது வெள்ளிக்குள் கிடைக்கும். பார்க்க அழகில்லை, கடல் தொட்டிக்காரர்கள் இதை மதிப்பதும் இல்லை. ஆனால் பாக்டீரியாவுக்கு நல்ல வீடு, ஆக்சிஜனும் கூடவே கொடுக்கும். மீன் மட்டும் வளர்க்கும் சின்னத் தொட்டிக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன். வாரம் ஒரு முறை, தொட்டியிலிருந்து எடுத்த உப்பு நீரில் பிழிந்து அலச வேண்டும். குழாயைத் திறந்து அலசினால் குளோரினில் பாக்டீரியா செத்துவிடும்.

பின்னால் தொங்கும் வடிகட்டி: தொட்டி விளிம்பில் மாட்டும் பெட்டி. ஐம்பதிலிருந்து நூறு வெள்ளி அளவில் நல்லதே கிடைக்கும். என் தேர்வு இதுதான். உள்ளே கொடுக்கும் சின்ன அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாமே பஞ்சும், பீங்கான் வளையமும், தேவைப்படும்போது கரியும் போட்டுக்கொள்ளலாம். அதிலிருந்து விழும் நீர் மேற்பரப்பைக் கலக்குவதால் ஆக்சிஜன் உள்ளே போகும். தொட்டிக்குத் தேவையான அளவைவிட ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள்.

கேனிஸ்டர்: மேசைக்குக் கீழே உட்காரும் மூடிய குடுவை. நன்னீரில் ராஜா. கடல் தொட்டியில் எனக்கு இதன் மேல் அவ்வளவு பிரியமில்லை. மூடியிருப்பதால் மாதக்கணக்கில் திறக்காமல் விட்டுவிடுவோம், பிடித்த அழுக்கெல்லாம் உள்ளேயே அழுகி நைட்ரேட்டாகிக்கொண்டிருக்கும். மின்சாரம் சில மணி நேரம் போனால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். மின்சாரம் திரும்பியதும் அந்தக் கெட்ட நீர் நேராகத் தொட்டிக்குள் வரும். ஏற்கெனவே கையில் இருந்தால் பயன்படுத்துங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திறந்து கழுவுங்கள். புதிதாக வாங்க வேண்டாம்.

ஸ்கிம்மர்: கடல் தொட்டிக்கே உரிய கருவி இது. எங்கள் கழகத்துப் பையன் ஒருவன் இதற்கு 'நுரைப்பானை' என்று பெயர் வைத்தான், எனக்கு அகராதிச் சொல்லைவிட அது பிடித்துப் போனது. ஓர் உருளைக்குள் மிக நுண்ணிய குமிழிகளை விடும். நீரில் கரைந்திருக்கும் புரதக் கழிவுகள் குமிழியின் தோலில் ஒட்டிக்கொண்டு மேலே நுரையாக ஏறி, ஒரு கிண்ணத்தில் பழுப்பு நீராக விழும். நாற்றம் தாங்காது, ஆனால் அந்த நாற்றம் அழுகி அமோனியாவாக மாறுவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது என்பதுதான் இதன் பெருமை. நன்னீரில் ஏன் இது வேலை செய்வதில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். உப்பு நீரில் குமிழிகள் பொடியாகவே இருக்கும், ஒன்றோடொன்று சேராது. நன்னீரில் அவை சேர்ந்து பெரிதாகி, வேகமாக மேலே ஓடிவிடும்.

தேவையா? மூன்றடித் தொட்டிக்கும் அதற்கு மேலும் தேவை. இரண்டடித் தொட்டியில் இரண்டு சின்ன மீன் வைக்கிறவர்களுக்குத் தேவையில்லை, காரணம் கீழே கணக்கோடு சொல்கிறேன். வாங்குவதென்றால் புதிய மலிவு மாடலைவிடப் பழைய நல்ல மாடல் மேல். மிக மலிவானவை பல நேரம் சத்தம் போடும், நுரை எடுக்காது. கட்டை காற்றுக்கல் வைத்து இயங்கும் எளிய வகையும் உண்டு, விலை குறைவு, நன்றாகவே நுரை எடுக்கும். ஆனால் அந்தக் கட்டையைச் சில வாரங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், காற்றுப் பம்பும் கொஞ்சம் பலமானதாக இருக்க வேண்டும்.

புற ஊதா விளக்கு, நைட்ரேட் உறிஞ்சி, தானாகத் தீனி போடும் பெட்டி இவையெல்லாம் முதல் ஆண்டில் வேண்டாம்.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பலாமா?

பம்பின் பெட்டியில் 'மணிக்கு 1200 லிட்டர்' என்று போட்டிருக்கும். அது நீரை மேலே தூக்காமல் அளந்த கணக்கு. குழாய் வைத்து மேலே ஏற்றினால் குறையும். அளந்து பார்ப்பது சுலபம், வகுப்பில் செய்யவும் நல்ல பயிற்சி. 10 லிட்டர் வாளியைப் பம்பு நீர் ஊற்றும் உயரத்தில் பிடித்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 50 விநாடி ஆனால், 10ஐ 50ஆல் வகுத்து 3600ஆல் பெருக்க, மணிக்கு 720 லிட்டர். பெட்டி சொன்ன 1200 எங்கே, இது எங்கே! மீன் மட்டும் உள்ள கடல் தொட்டியில் எல்லாப் பம்புகளும் சேர்ந்து மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல் பத்து மடங்கு நீரைச் சுழற்றினால் நல்லது.

இரண்டடித் தொட்டிக்கு ஒரு கணக்கு

60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி 54 லிட்டர். பாறையும் மணலும் இடம் பிடித்தது போக 45 லிட்டர் நீர் என்று வைத்துக்கொள்வோம். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. ஆக முதல் முறை நிரப்ப 1.6 கிலோ செயற்கைக் கடல் உப்பு போதும். சமையல் உப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கடல்நீரில் மக்னீசியம், கால்சியம் என்று இன்னும் எவ்வளவோ இருக்கின்றன.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 10 லிட்டர் நீரை மாற்றினால், ஒரு முறைக்கு 350 கிராம் உப்பு. ஆண்டுக்கு 26 முறை, 9.1 கிலோ. முதல் நிரப்பலையும் சேர்த்தால் 11 கிலோவைத் தாண்டவில்லை. 20 கிலோ பெட்டி ஒன்று வாங்கினால், காற்றுப் புகாமல் மூடி வைத்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஓட்டலாம். ஒவ்வொரு முறையும் தொட்டி நீரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் புதிதாகிறது. நைட்ரேட் 40 இருந்தால் 31க்கு இறங்கும். இந்த அளவுத் தொட்டிக்கு இதைவிட மலிவான வடிகட்டி கிடையாது. ஸ்கிம்மர் வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான். அதே வேலையை மூன்றடித் தொட்டிக்குச் செய்ய வேண்டுமென்றால் வாளி தூக்கி முதுகு போய்விடும், அங்கே ஸ்கிம்மர் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

ஆக வாங்க வேண்டியவை: தொங்கும் வடிகட்டி ஒன்று, காற்றுப் பம்போடு ஸ்பாஞ்ச் ஒன்று, ஏழெட்டுக் கிலோ காய்ந்த பாறை, ஒரு சின்ன விசிறி. இதில் மிச்சமாகும் காசை அமோனியா, நைட்ரேட் சோதனைப் பெட்டிக்கும் உப்படர்த்தி அளக்கும் கருவிக்கும் போடுங்கள். பலர் வடிகட்டிக்கு ஐந்நூறு வெள்ளி கொடுத்துவிட்டு, சோதனைப் பெட்டி விலை அதிகம் என்று திரும்பி வந்துவிடுகிறார்கள். அளக்காமல் வைத்த வடிகட்டி வேலை செய்கிறதா இல்லையா என்று மீன் செத்த பிறகுதான் தெரியும்.

பழைய சாமானில் தொட்டியும் பம்பும் நல்லது அமையும். முகநூலில் விற்பார்கள், லோரோங் கூலிட் காலைச் சந்தையிலும் கண்ணை ஓட்டலாம். ஆனால் செம்பு கலந்த மருந்து ஊற்றிய தொட்டியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலிகான் ஓரத்திலும் பாறையிலும் செம்பு தங்கிவிட்டால் பிறகு இறாலும் நத்தையும் அதில் வாழா.

பினாங்குத் தண்ணீர்

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, பத்து பெரிங்கியில் நாலு டப்பா பிடித்து வரலாமே என்று தோன்றும். வேண்டாம். தீவின் வடகரையில் ஓடைகள் கலக்கின்றன, மழை பெய்தால் உப்பும் குறையும், சேறும் ஏறும். கடலோர ஆய்வு நிலையங்கள் கடல்நீரைப் பயன்படுத்துகின்றன என்றால் அவர்களிடம் மணல் வடிகட்டியும் ஆய்வுக்கூடமும் இருக்கின்றன. சில கடைகளில் வடிகட்டிய கடல்நீரை டப்பாவில் விற்பார்கள். அதையும் அளந்து பார்த்தே வாங்குங்கள்.

குழாய் நீரில் குளோரின் இருக்கும். தயோசல்பேட் சொட்டு மருந்து சில வெள்ளிதான், அதைப் போட்டால் போதும். மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு விலை உயர்ந்த ஆர்.ஓ. கருவி அவசியமில்லை, பவளம் வளர்க்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம். 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு ஆலையில் வால்வு மாற்றியபோது பினாங்கில் பல இடங்களில் சில நாள் தண்ணீர் இல்லை. அப்படித் தடைபட்டுத் திரும்பும்போது குழாயில் முதலில் வரும் கலங்கல் நீரைத் தொட்டிக்குப் பிடிக்காதீர்கள். இருபது லிட்டர் சுத்த நீரை எப்போதும் மூடி வைத்திருந்தால் அந்த நாட்களைச் சமாளிக்கலாம்.

வெப்பம் அடுத்த பிரச்சினை. ஜோர்ஜ் டவுன் அடுக்குமாடி வீட்டில் பகலில் நீர் 30 பாகையைத் தாண்டும். தொட்டிக் குளிரூட்டி விலையும் அதிகம், மின்சாரமும் குடிக்கும். 180 வாட் குளிரூட்டி நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதம் ஏறக்குறைய 65 யூனிட். 3 வாட் காற்றுப் பம்பு இரவு பகலாக ஓடினாலும் மாதம் 2 யூனிட்தான். கோமாளி மீனுக்கு நீர்ப்பரப்பில் வீசும் சின்ன விசிறி போதும், இரண்டு மூன்று பாகை இறக்கிவிடும். பதிலாக நீர் ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கும். ஆகவே தினமும் குறைந்த அளவுக்கு நன்னீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு நீர் அல்ல. புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது.

மீன் வருவதற்கு முன்

எல்லாம் பொருத்திய அன்றே மீன் வாங்கினால் எந்த வடிகட்டியும் காப்பாற்றாது, பாக்டீரியா இன்னும் குடிவரவில்லை. சந்தையில் வாங்கிய பச்சை இறால் ஒன்றைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, பம்புகளை ஓடவிட்டுக் காத்திருங்கள். அது அழுகி அமோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும், பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கி நைட்ரேட் மட்டும் நிற்கும். நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். வீட்டில் யாராவது "ஏன் வெறும் தொட்டிக்கு விளக்குப் போட்டு வச்சிருக்கே" என்று கேட்பார்கள். பள்ளியில் என்றால், மாணவர்கள் வாரம் இருமுறை அளந்து வரைபடம் போட, அதையே படிவம் மூன்று விளக்கக் கட்டுரைக்குப் பொருளாக்கலாம். 'முதலில்', 'அதன் விளைவாக', 'இதற்கிடையில்' போன்ற இணைப்புச் சொற்களைப் பயன்படுத்த இதைவிட இயல்பான காரணம் கிடைக்காது.

மீன் வாங்கும்போது குஞ்சு பொரித்து வளர்த்த கோமாளி மீனைக் கேளுங்கள். கடலில் பிடித்ததைவிடச் சில வெள்ளி அதிகம் இருக்கலாம், ஆனால் தொட்டியிலேயே பிறந்தது, தீனியும் உடனே எடுக்கும். இந்த வட்டாரத்தில் சில இடங்களில் சயனைடு தெளித்து மீன் பிடித்த வரலாறு உண்டு. அப்படிப் பிடித்த மீன் கடையில் துள்ளும், வீட்டுக்கு வந்து சில வாரங்களில் சாகும். அதற்கு வடிகட்டியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இரண்டடித் தொட்டிக்கு இரண்டு மீன். மூன்றாவது வேண்டும் என்று பிள்ளைகள் கெஞ்சினால் நத்தை வாங்கிக் கொடுங்கள்.

மின்சாரமும் விடுமுறையும்

உப்பு நீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. இணையத்தில் வாங்கும் மலிவுப் பம்புகள் இரண்டு கால் பிளக்கோடு வரும். பேனா மூடியால் மேல் துளையைத் திறந்து அதைச் சொருகுவது நம் ஊர்ப் பழக்கம். பள்ளியில் அது கண்டிப்பாகக் கூடாது, சிரிம் முத்திரை உள்ள மாற்றி வாங்குங்கள். கம்பி பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்க வேண்டும், அப்போதுதான் கம்பியில் வழியும் நீர் பிளக்கில் ஏறாமல் தரையில் சொட்டும். கையை உள்ளே விடுமுன் சுவிட்சை அடையுங்கள். மின்சாரம் போனால் ஓட, பேட்டரியில் இயங்கும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்று இருக்கட்டும். தூண்டில் கடைகளில் உயிர் இரைக்கு விற்பதே போதும்.

பள்ளித் தொட்டி என்றால் விடுமுறைப் பட்டியலை இப்போதே போட்டுவிடுங்கள். ஆரோக்கியமான மீன் இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமல் இருக்கும், ஆனால் விசிறி ஓடும் தொட்டியில் நீர் அதுவரை குறையாமல் இருக்காது. காவலரிடம் சாவி வாங்கி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து நன்னீர் ஊற்ற ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, "இந்தக் கோடு வரை, உப்பு போடாத தண்ணீர்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். வருகிறவருக்கு அது போதும்.